வீட்டுக் கணிப்பொறியின் மாற்றமும் நம் எழுத்தும்

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பொருள்கள் பல உண்டு. பாட்டியார் காலத்து வெண்கலப் பானையில் இன்றும் பொங்கல் வைக்கிறோம். தகப்பனார் வாங்கிய தேக்கு அலமாரி, உத்தியோக மாற்றல் வரும் ஊர்தோறும் நம்முடன் லாரியில் ஏறி வருகிறது. தையல் யந்திரம் ஐம்பது ஆண்டு உழைத்த பின்னரும் அதற்கு ஊசியும் எண்ணெயும் கிடைக்கின்றன. ஆனால், வீட்டுக்குள் கடைசியாக வந்து சேர்ந்த கணிப்பொறியோ பத்து ஆண்டுகள் நிறைவதற்குள் ‘பழசு’ என்ற பெயரை எடுத்துவிடுகிறது. தேய்மானத்தால் வந்த பெயர் என்றும் சொல்ல முடியாது. நேற்றுச் செய்த வேலையை இன்றும் அது செய்துகொண்டுதான் இருக்கிறது. அதைச் சூழ்ந்த உலகம் நகர்ந்துவிடுகிறது.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி இதற்கு நல்ல சான்று. விண்டோஸ் 10 என்ற இயக்கு மென்பொருளுக்கு வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றோடு முடித்துக்கொண்டது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது சில நிபந்தனைகளை விதிக்கிறது. குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலி வேண்டும்; டி.பி.எம். என்னும் பாதுகாப்பு அமைப்பின் இரண்டாம் பதிப்பு உள்ளே இருக்க வேண்டும். ஏறக்குறைய 2017-க்கு முன் செய்யப்பட்ட பொறிகள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. ஆகவே, திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் பொறிகள்கூட ஒரே நாளில் பழையவை ஆயின. இத்தகைய நாள் இதற்கு முன்பும் வந்ததுண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் இதே முடிவு நேர்ந்தது.

புதிய பொறி வாங்குவதா, உள்ளதைச் செப்பனிட்டுக்கொள்வதா என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருக்கிறது. நேயர்களுக்கு விலைப்பட்டியல் படித்துக் காட்டுவது இந்தப் பேச்சின் நோக்கமன்று. வீட்டுக் கணிப்பொறி என்ற ஒன்று தோன்றி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் மக்கள் பழையதை விட்டுப் புதியதற்கு எத்தனையோ முறை மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எது நிலைத்தது, எது வழியில் தவறியது என்பதைப் பார்த்தால், நாம் செய்ய வேண்டியது தெளிவாகும். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனியான கவலை ஒன்றும் உண்டு. அதைப் பின்னர் விரிவாகக் கூறுகிறேன்.

கணிப்பொறி இவ்வளவு விரைவில் மூப்படைவது ஏன் என்பதை முதலில் பார்ப்போம். 1965-ஆம் ஆண்டில் கார்டன் மூர் என்ற அமெரிக்க அறிஞர், ஒரு சில்லில் அடக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டித்து வருகிறது என்று எழுதினார். 1975-இல் அதைச் சற்றுத் திருத்தி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்றார். இஃது இயற்கை விதி அன்று. ஒரு தொழிலின் போக்கைக் கண்டு சொன்ன கணிப்பு. ஆயினும், தொழிலதிபர்கள் அதையே இலக்காக வைத்துக்கொண்டு ஓடியதால் கணிப்பு பல்லாண்டுகள் மெய்யாகிவிட்டது. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட முதல் நுண்செயலியில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2,300. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளில் வைத்த எம்1 என்ற சில்லில் அவை 1,600 கோடி. வசதி பெருகப் பெருக மென்பொருள் எழுதுவோரும் தாராளமாகச் செலவழிக்கத் தொடங்கினர். சம்பளம் உயர்ந்த வீட்டில் செலவும் கூடவே உயர்வதைப் போன்றதுதான் இது. பழைய பொறியில் புதிய மென்பொருள் தள்ளாடுவதற்குக் காரணம் அதுவே.

வீட்டுக் கணிப்பொறியின் கதை 1977-இல் சூடுபிடிக்கிறது. அந்த ஓராண்டில் அமெரிக்காவில் ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்றும் கடைக்கு வந்தன. 1981-இன் இறுதியில் இங்கிலாந்தில் பி.பி.சி. மைக்ரோவும், 1982-இல் சிங்கிளேர் ஸ்பெக்ட்ரமும், அதே ஆண்டில் கமடோர் 64-உம் வெளிவந்தன. தொலைக்காட்சிப் பெட்டியே இவற்றில் பலவற்றுக்குத் திரை. பாட்டுக் கேட்கும் கேசட்டே இவற்றின் ஏடு. நினைவகம் 16 கிலோபைட், 48 கிலோபைட், 64 கிலோபைட் என்ற அளவில் இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்தப் பொறிகளிடம் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொன்றும் தனித் தனித் தீவு. ஸ்பெக்ட்ரத்தின் கேசட்டைக் கமடோர் படிக்காது. கமடோரின் கேசட்டை பி.பி.சி. மைக்ரோ ஏற்காது. ஆகையால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறியவர், முன்னதில் எழுதியதை எல்லாம் கரையில் விட்டுவிட்டே கப்பல் ஏற வேண்டியிருந்தது. பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. விளையாட்டுப் பொருள் என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது.

இந்தியாவில் பள்ளிகள் வழியாக அந்தப் பொறிகளுள் ஒன்று நுழைந்தது. மத்திய அரசு 1984–85-இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியபோது, சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ அளிக்கப்பட்டது. இன்று ஐம்பதைக் கடந்திருக்கும் நேயர்களுள் சிலர் அந்தக் கறுப்புத் திரையில் தம் பெயரை முதன்முதலாக அச்சிட்டுப் பார்த்திருக்கக்கூடும். அந்தப் பொறியின் குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்தி, நம் பொருளின் உயிர்நாடியைத் தொடுவதால், அதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம், நாட்டிலுள்ள நிலம், உழவு மாடு, ஆலை, குடிகள் யாவற்றையும் கணக்கெடுக்கச் செய்தான். ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று அதற்குப் பெயர். நம் சோழர் காலத்து நில அளவைக் கணக்குகளை நினைவூட்டும் காரியம். தோலில் மையால் எழுதப்பட்ட அந்த ஏடு இன்றும் லண்டனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் கற்றவர் பிரித்துப் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனத்தார் ஒரு புதிய டூம்ஸ்டே செய்யத் துணிந்தனர். பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் அதில் பங்கு கொண்டனர். தங்கள் ஊரின் கடை, வீதி, விளையாட்டு, சாப்பாடு ஆகியவற்றைப் பற்றி எழுதினர், படம் எடுத்தனர். எல்லாம் பெரிய லேசர் தட்டுகளில் பதிவாயின. அவற்றைப் படிக்கத் தனி வகையான தட்டு இயக்கியும், அதற்கென்று மாற்றியமைத்த பி.பி.சி. மாஸ்டர் என்ற கணிப்பொறியும் தேவைப்பட்டன.

விளைவு என்ன? விலை மிகுதியால் அந்தக் கருவிகள் பரவவில்லை. சில ஆண்டுகளில் அவற்றின் உற்பத்தியே நின்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து, தட்டுகள் நல்ல நிலையில் இருந்தும், படிக்கும் பொறி கிடைப்பது அரிதாகிவிட்டது. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பழைய பொறியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றைப் புதிய கணிப்பொறியில் அமைத்து, உள்ளே இருந்ததை வெளிக்கொணர்ந்து காட்டினர். தொள்ளாயிரம் ஆண்டு தாங்கிய தோல் ஏடு ஒரு பக்கம். பதினாறு ஆண்டில் மருத்துவமனைக்குப் போன லேசர் தட்டு மறுபக்கம். தட்டு கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைப் படிக்கும் வழிதான் அடைபட்டுப் போயிற்று.

இனி, இன்றைய நம் பொறிகளுக்கு மூதாதையானதைப் பார்ப்போம். 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன் ‘பர்சனல் கம்ப்யூட்ட’ரை வெளியிட்டது. அடிப்படை விலை 1,565 டாலர். அந்த விலைக்கு நினைவகம் வெறும் 16 கிலோபைட். அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததால், உறுப்புகளில் பெரும்பாலானவற்றை வெளிச்சந்தையில் வாங்கிப் பூட்டினார்கள். உள்ளமைப்பை விவரிக்கும் நூலையும் வெளியிட்டார்கள். இந்தத் திறந்த போக்கினால், 1982 முதலே பிற நிறுவனங்கள் அதே அமைப்பில் பொறி செய்யத் தொடங்கின. 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டு பூட்டிய எக்ஸ்.டி.யும், 1984-இல் 286 என்ற செயலியோடு ஏ.டி.யும் வந்தன. அடுத்த படியாகிய 386 செயலியை வைத்து 1986-இல் முந்திக்கொண்டது ஐ.பி.எம். அன்று, காம்பாக் என்ற போட்டி நிறுவனம். அப்போதே ஒரு நியதி வேரூன்றிவிட்டது: பெயர் எதுவாயினும், பழையதில் ஓடிய மென்பொருள் புதியதிலும் ஓட வேண்டும். மாறுகிறவன் மூட்டையைக் கரையில் விட வேண்டியதில்லை என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

நம் நாட்டில் இதன் தாக்கம் எதிர்பாராத வகையில் அமைந்தது. அன்னியச் செலாவணிச் சட்டப்படி தன் பங்குகளில் பெரும்பகுதியை இந்தியருக்கு அளிக்க உடன்படாத ஐ.பி.எம்., 1978-இல் இந்தியாவைவிட்டு வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசாங்கம் புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்து, இறக்குமதியை எளிதாக்கியது. அதன் பின்னர் டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு என்று கடைவீதிகள் கணிப்பொறி உறுப்புகளால் நிறைந்தன. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொறியை வாங்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பத்தார், இந்தக் கடைகளில் ‘அசெம்பிள்டு’ பொறியைச் செய்வித்துக் கொண்டார்கள். பெட்டி பழையதாக இருக்கும். தாய்ப்பலகை புதிதாக இருக்கும். இந்த வருஷம் நினைவகம், தீபாவளி போனஸ் வந்ததும் பெரிய வன்தட்டு என்று பொறி சிறிது சிறிதாக வளரும். பழைய உறுப்பைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு சிறு தொகை கட்டினால் போதும். நெக்லஸை அழித்து வளையல் செய்துகொள்ளும் மரபில் வந்த நமக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தியதில் வியப்பில்லை. என் கருத்தில், சாமானியனுக்கு மிகவும் நியாயமாக நடந்துகொண்ட காலம் அதுவே. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பின்னால் கூட்டுவதற்கு வழியே இல்லை.

பொறியின் வரலாறு இவ்வாறு செல்ல, அதில் எழுதப்பட்ட தமிழின் வரலாறு வேறு வழியில் சென்றது. நமக்குரிய தனிக் கவலை என்று முன்பு குறிப்பிட்டது இதுதான்.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண். ஆங்கில எழுத்துக்கு எந்த எண் என்பதை அமெரிக்கர்கள் 1960-களிலேயே ஒழுங்கு செய்துவிட்டனர். இந்திய எழுத்துகளுக்கு ‘இஸ்கி’ என்ற தேசியத் தரம் 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பால் ஏற்கப்பட்டது. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகிப் புணேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்த ‘ஜிஸ்ட்’ என்ற அட்டையைப் பொறியில் செருகினால், பழைய டாஸ் மென்பொருளிலும் இந்திய மொழிகளை எழுத முடிந்தது. ஆனால், விண்டோஸ் பரவியபோது பெரும்பாலோர் இந்தத் தரத்தின் பக்கம் போகவில்லை. சுலபமான குறுக்கு வழி ஒன்று கிடைத்தது. ஆங்கில எழுத்துகளின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த எழுத்தின் வடிவத்துக்குப் பதிலாகத் தமிழ் வடிவத்தை வரைந்துவிட்டால் போதும். திரையில் தமிழ் தோன்றும்.

உதாரணமாக, பலரும் கையாண்ட பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லை எழுதினால், கணிப்பொறியின் ஏட்டில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள பொறியில் அது தமிழாகத் தெரியும். பாமினி இல்லாத பொறியில் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். இன்னும் சில எழுத்துருக்கள், புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களைப் பிடித்துக்கொண்டன. ஓர் எழுத்துருவின் அமைப்பு மற்றொன்றுக்கு ஒத்துவராது. வீட்டுக் கணிப்பொறிகள் 1982-இல் தனித் தனித் தீவுகளாக இருந்த அதே நிலையைத் தமிழ் எழுத்து தொண்ணூறுகளில் அடைந்தது.

தமிழ் அறிஞர்கள் இதைக் கண்டு வாளா இருக்கவில்லை. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகளில் பொதுத் தரத்துக்கான முயற்சிகள் நடந்தன. சென்னை மாநாட்டின் பயனாக டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் எழுதிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற மற்றொரு முறையைப் பேணினர். தரங்கள் கூடினவே தவிர, ஒன்றாகவில்லை. இதற்கிடையே, உலகத்தின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000, லதா என்ற எழுத்துருவோடு, யூனிகோடு தமிழை உள்ளிருந்தே ஆதரிக்கத் தொடங்கிற்று. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசு யூனிகோடையும், அச்சுத் தொழில் போன்றவற்றுக்கு டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளை அடுக்கிய விதம் சரியா என்ற வாதம் புலவர் இடையே இன்னும் ஓயவில்லை. வீட்டுக்காரர் அதில் தலையிட வேண்டியதில்லை. இன்று கைப்பேசி முதல் ரயில்வே பலகை வரை எங்கும் செல்லுபடியாகும் நாணயம் யூனிகோடுதான்.

ஆனால், 1995-க்கும் 2005-க்கும் இடையில் நம்மவர் எழுதியவை எங்கே? பழைய பொறிகளுக்குள் பழைய எழுத்துருவில் உறங்குகின்றன. ஊர் ஊராக நடைபெறும் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் கோக்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. இன்றைய பொறிகளில் அது எளிதாக இயங்குவதில்லை. தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி அடித்து வைத்த குடும்ப வரலாறு, கோயில் குழுவின் கணக்கு, திருமணப் பத்திரிகை, ஊருக்கு எழுதிய கடிதம் யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. சென்னையிலோ மதுரையிலோ பொறி மாற்றுபவருக்கு ஆபத்து குறைவு. கடைக்காரருக்கே பாமினியைத் தெரியும். நாக்பூரிலோ லக்னோவிலோ இருப்பவரின் நிலை வேறு. பொறியை மாற்றித் தரும் இளைஞர் கோப்பைத் திறந்து பார்ப்பார். உள்ளே ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று நல்லெண்ணத்தோடு முடிவு செய்து, அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றித் தருவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. வட மாநிலத்துக் கடைக்காரர்களுக்கு ‘கிருதி தேவ்’ என்ற பெயர் நன்றாகத் தெரியும். இந்தித் தட்டச்சில் பெரிதும் வழங்கும் பழைய எழுத்துரு அது. அதன் ஏட்டிலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. ‘கிருதி தேவ் போல எங்கள் மொழியிலும் ஓர் எழுத்துரு, கோப்பு கெடவில்லை’ என்று ஒரு வாக்கியம் சொன்னால், அவருக்கு உடனே விளங்கிவிடும். மொழி தெரியாத இடத்தில் பிணியின் பெயரைச் சொல்லி மருந்து வாங்குவது போன்றது இது.

பழைய பொறி இன்னும் உயிரோடு இருக்கையில் செய்ய வேண்டியவை சில. முதலாவது, முக்கியமான தமிழ்க் கோப்புகளை அந்தப் பொறியிலேயே திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்போடு அந்த எழுத்துருவையும் நகலெடுப்பது அவசியம். விண்டோஸில் எழுத்துருக்கள் எல்லாம் ‘ஃபான்ட்ஸ்’ என்ற அடைவில் இருக்கும். எழுத்துருவை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் எடுத்துச் செல்வது, சாவியைப் பழைய வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கி வருவதற்குச் சமம். பிறகு, பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றும் கருவிகள் உள்ளன. என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் ஆகியவை இதற்கென்றே எழுதப்பட்டவை. மாற்றியதை ஒரு முறை மூலத்தோடு ஒப்பிட்டு வாசிப்பது நல்லது. ‘ஔ’காரமும், கொம்பும் காலும் சேர்ந்து வரும் உயிர்மெய்களும், கிரந்த எழுத்துகளும் சில வேளைகளில் பிசகுவது உண்டு. பேஜ்மேக்கர் மலர்களுக்கு, பழைய பொறியிலேயே பக்கங்களைத் தாளில் அச்சிட்டுக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை. பி.டி.எஃப். வடிவில் எடுக்க முடிந்தால் அதையும் எடுக்கலாம். தாளை எந்த இயக்கு மென்பொருளும் காலாவதியாக்குவதில்லை.

எழுத்து தாங்கிய ஊடகமும் மாறிவிட்டதை மறக்கலாகாது. 1.44 மெகாபைட் கொண்ட மூன்றரை அங்குல ஃபிளாப்பி, ஒரு காலத்தில் ஒவ்வொரு மேசை அறையிலும் இருந்தது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் அந்தத் துளையே இல்லாமல் வந்தபோது பலர் நகைத்தனர். 2011 மார்ச்சில் சோனி நிறுவனம் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது. வீட்டில் பழைய ஃபிளாப்பிகள் இருப்பின், யூ.எஸ்.பி. வழியாகச் செருகும் வெளி இயக்கி இன்னும் கிடைக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்த குறுந்தகடுகளின் சாயமும் காலப்போக்கில் மங்கும். அவற்றையும் தள்ளிப்போடாமல் நகலெடுப்பது தக்கது. பழைய வன்தட்டுகளில் அகன்ற நாடாக் கம்பி பூட்டும் ஐ.டி.இ. இணைப்பு இருக்கும், புதிய தாய்ப்பலகைகளில் அதற்கு இடமில்லை. இரண்டையும் இணைக்கும் சிறு கருவி மேற்சொன்ன கடைவீதிகளில் எல்லாம் விற்கிறது. நகல் இரண்டாக இருக்கட்டும். ஒன்று வீட்டில்; மற்றொன்று ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ.

இனி, வாங்குவதா வேண்டாமா என்ற முதற் கேள்விக்கு வருவோம். பொறி மெதுவாகிவிட்டது என்பது மட்டுமே குறையாயின், வாங்க அவசரம் வேண்டாம். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, நகரும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி. வைத்தால், எட்டு வயதுப் பொறியும் விழித்தெழுந்தது போல் ஓடும். நினைவகத்தைக் கூட்ட இடமிருந்தால் அதையும் கூட்டலாம். விண்டோஸ் 11-ஐ ஏற்காத பொறிக்கு, 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஒரு புகலிடம். சென்னை சி-டாக் நிலையம் ‘பாஸ்’ என்ற பெயரில் இந்திய மொழிகளோடு கூடிய லினக்ஸை வெளியிட்டிருக்கிறது. கடிதம் எழுதவும், செய்தி படிக்கவும், ஊரிலுள்ளவரோடு முகம் பார்த்துப் பேசவும் அது போதும். வங்கிக் கணக்கை மட்டும், பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விண்டோஸில் திறக்காமல் இருப்பது நலம். வருமான வரி அலுவலோ, பிள்ளைகளின் கல்லூரிப் பாடமோ ஒரு குறிப்பிட்ட புதிய மென்பொருளைக் கேட்டால், வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது, நினைவகத்தையும் தட்டையும் பின்னால் மாற்ற இடமுள்ள பொறியா என்று கடையில் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, பழைய பொறியை என்ன செய்வது? பரணில் போடுவதும், காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவதும் வழக்கம். எடைக்குப் போனவற்றில் பல, டில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களுக்குச் சென்று சேர்கின்றன. அங்கே தாமிரத்துக்காகக் கம்பிகளை எரிப்பதும், அமிலத்தில் பலகைகளை ஊறவைத்து உலோகம் பிரிப்பதும் பலமுறை செய்திகளில் வெளிவந்திருக்கின்றன. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். மின்னணுக் கழிவுக்கான விதிகள் முதன்முதலாக 2012 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. அவை மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை. இன்னும் ஓடும் பொறியானால், பக்கத்து வீட்டு மாணவனுக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

எவரிடம் கொடுத்தாலும், உள்ளே இருக்கும் வன்தட்டைப் பற்றி ஒரு சொல். கோப்புகளை அழித்துவிட்டதாக நாம் நினைத்தாலும், அவை பெரும்பாலும் தட்டில் அப்படியே இருக்கும். அட்டவணையில் பெயர் மட்டுமே நீங்கியிருக்கும். முழுமையாக அழிக்கும் மென்பொருளை ஓட்டிய பிறகே கைமாற்ற வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம். எந்தக் கடைக்காரரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. விலையில் சிறிது குறைத்துக்கொள்வார், அவ்வளவே.